மேயர் இல்லாத ஊர்: கிரீன் பேங்க் வழியாக அமெரிக்கச் சிற்றூர் ஓர் அறிமுகம்

அமெரிக்காவைப் பற்றி நாம் படிப்பதும் பார்ப்பதும் பெரும்பாலும் நியூயார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ போன்ற பெருநகரங்களைச் சுற்றியே அமைந்திருப்பதால், அந்நாட்டில் கோடிக்கணக்கான மக்கள் மேயரோ நகர்மன்றமோ இல்லாத ஊர்களில் வாழ்கிறார்கள் என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். அத்தகைய ஊர்களைப் ‘பதிவு பெறாத ஊர்’ என்று சொல்லலாம். ஊர் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அஞ்சலகம் இருக்கிறது, பள்ளியும் தேவாலயமும் இருக்கின்றன. ஆனால் சட்டத்தின் பார்வையில் அது ஓர் உள்ளாட்சி அமைப்பு அன்று. இந்தக் கருத்தைப் பொதுவாக விளக்குவதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு விளக்குவதே தெளிவாக இருக்கும் என்பதால், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் போகஹான்டஸ் கவுன்டியில் (கவுன்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) உள்ள கிரீன் பேங்க் என்ற ஊரைத் தேர்ந்துகொள்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் 150 பேருக்கும் குறைவு. அப்படியிருந்தும் வானியல் படித்த எவரும் அந்த ஊரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

முதலில் சட்ட அடிப்படையைப் பார்ப்போம். அமெரிக்க அரசமைப்புச் சட்டம் உள்ளாட்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூட்டாட்சி அரசின் அதிகாரங்களையும் மாநிலங்களின் இடத்தையும் அது வரையறுக்கிறது. அதற்குக் கீழே என்ன அமைப்புகள் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்துகொள்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் தம் நிலப்பரப்பு முழுவதையும் கவுன்டிகளாகப் பிரித்திருக்கின்றன. ஒரு கவுன்டிக்குள் ஓர் இடத்தில் மக்கள் திரளாகக் குடியேறி, எங்களுக்கென்று தனி நிர்வாகம் வேண்டும் என்று கேட்டு, மாநிலச் சட்டம் விதிக்கும் நடைமுறைகளை நிறைவேற்றினால், அந்த இடம் நகரமாகவோ சிறுநகரமாகவோ பதிவு பெறுகிறது. பதிவு பெற்றதும் அதற்கு வரையறுத்த எல்லையும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும், வரி விதிக்கும் உரிமையும், காவல் துறை வைத்துக்கொள்ளும் உரிமையும், எந்த மனையில் என்ன கட்டலாம் என்று விதி வகுக்கும் உரிமையும் கிடைக்கின்றன. அப்படிக் கேட்காத, அல்லது கேட்டும் பெறாத ஊர்கள் எல்லாம் பதிவு பெறாதவையாகவே தொடர்கின்றன. அவற்றுக்கு மிக அருகில் இருக்கும் அரசு, கவுன்டிதான்.

ஒவ்வொரு சிற்றூருக்கும் ஓர் ஊராட்சி இருந்தே தீரும் என்ற எண்ணத்தோடு அணுகினால் இந்த ஏற்பாடு குறையுள்ளதாகத் தோன்றும். அங்குள்ளவர்கள் பலர் அப்படிப் பார்ப்பதில்லை. பதிவு பெற்றால் கூடுதல் வரியும் கூடுதல் விதிகளும் வரும். சில நூறு பேர் வாழும் இடத்தில் அந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்ற கேள்வி நியாயமானதே.

ஊரின் அளவுக்கும் பதிவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதைப் புதிதாகப் படிப்பவர் கட்டாயம் மனத்தில் கொள்ள வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தின் மொனோவை என்ற ஊரில் 2010 கணக்கெடுப்பின்போது இருந்தவர் ஒரே ஒருவர். ஆயினும் அது முறையாகப் பதிவு பெற்ற கிராமம். மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அது பதிவு பெறாதது. லாஸ் வேகஸ் என்றதும் நினைவுக்கு வரும் பெரிய சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் சாலையின் பெரும்பகுதி, லாஸ் வேகஸ் நகர எல்லைக்கு வெளியே, பாரடைஸ் என்ற பதிவு பெறாத ஊருக்குள்தான் வருகிறது. ஹவாய் மாநிலத்திலோ பதிவு பெற்ற நகராட்சி என்பதே இல்லை. ஹோனலூலுவும் கவுன்டி நிர்வாகத்துடன் இணைந்ததுதான். ஆகவே ‘பதிவு பெறாதது’ என்பதை ‘சிறியது’ என்றோ ‘பின்தங்கியது’ என்றோ புரிந்துகொள்வது தவறு.

அப்படியானால் கிரீன் பேங்க் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? சட்டப்படி எல்லை கிடையாது. கணக்கெடுப்புத் துறை புள்ளிவிவர வசதிக்காக இத்தகைய ஊர்களைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, கணக்கெடுப்புக்கென வகுக்கப்பட்ட இடம் என்று வகைப்படுத்துகிறது. அந்தக் கோட்டுக்கு நிர்வாகப் பொருள் எதுவும் இல்லை. நடைமுறையில் ஊரை அடையாளம் காட்டுவது அஞ்சலகமும் அதன் அஞ்சல் குறியீட்டு எண்ணும்தான். கணக்கெடுப்புக் கோட்டுக்கு வெளியே பல மைல் தள்ளி மலைச்சரிவில் பண்ணை வைத்திருப்பவரும், கிரீன் பேங்க் அஞ்சலகத்திலிருந்து கடிதம் வருவதால், தம்மைக் கிரீன் பேங்க்காரர் என்றே சொல்லிக்கொள்வார். அருகில் உள்ள ஆர்போவேல் என்ற ஊரும் இதுவும் ஒன்றோடொன்று ஒட்டியே கிடக்கின்றன. வெளியூர்க்காரர் ஒருவர் காரில் கடந்து போகும்போது எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று கண்டுகொள்வது கடினம்.

எந்த வேலையை யார் செய்கிறார்கள்?

போகஹான்டஸ் கவுன்டி 1821-இல் உருவானது. பரப்பு ஏறத்தாழ 940 சதுர மைல். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 7,869. அலெகனி மலைத்தொடரின் உயரமான பகுதியில் அமைந்துள்ள இக்கவுன்டியில் கிரீன்பிரையர், எல்க், காலி, வில்லியம்ஸ் உள்ளிட்ட 8 ஆறுகள் ஊற்றெடுப்பதால், ஆறுகளின் பிறப்பிடம் என்று அதைப் பெருமையுடன் அழைக்கிறார்கள். நிலத்தில் பாதிக்கும் மேல் அரசுக்குச் சொந்தமானது. அதில் பெரும்பகுதி மொனொங்கஹீலா தேசியக் காடு. அரசு நிலத்துக்குச் சொத்து வரி இல்லை என்பதால் கவுன்டியின் வருவாயும் குறுகியதே. இத்தனை பெரிய பரப்பில் பதிவு பெற்ற சிறுநகரங்கள் மூன்றே: மார்லின்டன், டர்பின், ஹில்ஸ்பரோ. மற்றவை அனைத்தும், கிரீன் பேங்க் உட்பட, பதிவு பெறாதவை. கவுன்டியின் தலைமையிடம் மார்லின்டன். அங்குள்ள நீதிமன்றக் கட்டடத்திலேயே கவுன்டி அலுவலகங்களும் இயங்குகின்றன. கிரீன் பேங்க்கிலிருந்து அது ஏறத்தாழ 25 மைல் தொலைவில், மலைச்சாலை வழியே இருக்கிறது.

கவுன்டியை நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று ஆணையர்கள் கொண்ட குழு. அவர்களது பதவிக்காலம் 6 ஆண்டுகள். ஒரே தேர்தலில் மூவரும் மாறிவிடாதபடி, வெவ்வேறு தேர்தல்களில் அவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஷெரிஃபும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவரே. மேற்கு வர்ஜீனியாவில் காவல் பணியோடு சொத்து வரி வசூலிக்கும் பொறுப்பும் அவருக்கு உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. வீட்டின் மதிப்பை நிர்ணயிக்கும் அலுவலரும், நிலப் பத்திரங்களைப் பதிவு செய்து காக்கும் எழுத்தரும், அரசு வழக்கறிஞரும்கூடத் தேர்தலில் நின்று வருபவர்கள்தாம். சாலைகளின் கதை வேறு. 1930-களின் பொருளாதார நெருக்கடியில் கவுன்டிகள் சாலைகளைப் பேண முடியாமல் தவித்தபோது மாநிலமே அவற்றை ஏற்றுக்கொண்டது. இன்றும் கிரீன் பேங்க்கின் ஊடே செல்லும் நெடுஞ்சாலை மட்டுமன்றி, அதிலிருந்து பிரிந்து பண்ணைகளுக்குப் போகும் சிறு பாதைகளிலும் பனியை அகற்றுவது மாநில நெடுஞ்சாலைத் துறைதான். பள்ளிகளும் அதே காலத்தில் கவுன்டி அளவில் ஒருங்கிணைக்கப்பட்டன. மாநிலத்தில் 55 கவுன்டிகள், 55 பள்ளி மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட 5 பேர் கொண்ட கல்வி வாரியம்.

இந்தப் பட்டியலில் எதிலும் சேராத ஒரு பெரிய வேலை மிஞ்சுகிறது: தீயணைப்பு. இதில்தான் சிற்றூர் வாழ்க்கையின் உள்ளியல்பைக் காண முடிகிறது என்று நினைக்கிறேன். இப்பகுதியில் தீயணைப்பவர்கள் சம்பளம் பெறும் ஊழியர்கள் அல்லர். ஆசிரியர், மரம் வெட்டுபவர், கடை நடத்துபவர், ஓய்வு பெற்றவர் எனப் பலதரப்பட்டோர் பயிற்சி பெற்றுத் தன்னார்வப் படையாகச் சேர்ந்திருக்கிறார்கள். அழைப்பு வந்தால் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறார்கள். வீடு பற்றி எரிவது மட்டுமா, பனிக்கட்டியில் சறுக்கிய கார், வெள்ளத்தில் சிக்கிய குடும்பம், காட்டில் வழி தவறிய மலையேறி என எதற்கும் அவர்கள்தான் போக வேண்டும். மாநிலத்திலிருந்து ஒரு தொகை வருகிறது. ஆனால் ஒரு தீயணைப்பு வண்டியின் விலையை நினைத்தால் அது எந்த மூலைக்கு? எஞ்சியதை ஊரார் கூடித் திரட்டுகிறார்கள்.

திரட்டும் வழிகளுள் மிகவும் பெயர் பெற்றது ஏப்ரல் மாத விருந்து. அலெகனி மலைக்காடுகளில் பனி உருகியதும் முதலில் தலைகாட்டும் பச்சை, ராம்ப் எனப்படும் காட்டுச் செடி. அகன்ற இலை, அடியில் சிறு வெண்கிழங்கு. வெங்காயமும் பூண்டும் ஒன்றாகச் சேர்ந்தாற்போன்ற காரமான வாசம். வார இறுதியில் தன்னார்வலர்கள் சாக்குப்பைகளோடு மலையேறி அதைத் தோண்டி எடுத்து வருகிறார்கள். பிறகு வேரை நறுக்கி, மண் போக நீரில் பலமுறை அலசும் வேலை தொடங்குகிறது. நீண்ட மேசையைச் சுற்றி நின்று பலர் பல மணி நேரம் செய்தாலொழிய அது முடியாது. பன்றிக் கொழுப்பில் வதக்கிய ராம்ப், உருளைக்கிழங்கு வறுவல், நெடுநேரம் வேகவைத்த பின்டோ பீன்ஸ், பன்றி இறைச்சி, சோள ரொட்டி ஆகியவை ஒரே தட்டில் வருகின்றன. தீயணைப்பு நிலையத்தின் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மடக்கு மேசைகள் போட்டுப் பரிமாறுவார்கள். உண்டவரின் உடலிலிருந்து வாசம் போக ஓரிரு நாளாகும் என்பதால், ஊரில் எல்லோரும் சேர்ந்து உண்பதே நல்லது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நீண்ட குளிர்காலத்துக்குப் பிறகு முதல் பச்சைக் காய்கறியாக மலைவாழ் குடும்பங்களை வாழவைத்த செடி என்ற நன்றியுணர்வும் அந்த விருந்தில் கலந்திருக்கிறது. வெளியூர்ச் சந்தையில் இன்று ராம்புக்கு நல்ல விலை கிடைப்பதால் அளவுக்கு மீறித் தோண்டப்படுவதும், மெதுவாக வளரும் அச்செடி சில இடங்களில் அருகி வருவதும் கவலை தரும் மாற்றங்கள்.

ஊரைக் கட்டி நிறுத்தும் இன்னொரு தூண் பள்ளி. முன்பு கிரீன் பேங்க்குக்கென்று தனி உயர்நிலைப் பள்ளி இருந்தது. 1960-களின் இறுதியில் கவுன்டி முழுவதற்கும் ஒரே உயர்நிலைப் பள்ளி என்று முடிவாகி, அது டன்மோர் அருகே அமைக்கப்பட்டது. கிரீன் பேங்க்கில் இன்று தொடக்க, நடுநிலை வகுப்புகள் மட்டுமே உள்ளன. ஓர் ஊர் தன் உயர்நிலைப் பள்ளியை இழப்பது என்பது வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்தாட்டத்தையும், அணியின் பெயரையும், ஆண்டுதோறும் பழைய மாணவர் கூடும் நிகழ்வையும் இழப்பதாகும். அமெரிக்கச் சிற்றூர்களில் பள்ளி இணைப்புப் பேச்சு எழும்போதெல்லாம் கூட்டங்களில் குரல் உயர்வதற்குக் காரணம் இதுவே. பள்ளி நாட்காட்டியும் ஊரின் இயல்பைக் காட்டும். நவம்பரில் நன்றி நவிலல் வாரம் முழுவதும் விடுமுறை. அந்த வாரத் திங்கட்கிழமையன்றுதான் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. குடும்பத்தின் குளிர்கால இறைச்சிக்கு அந்த வேட்டையை நம்பியிருக்கும் வீடுகள் இன்றும் உள்ளன.

செய்திக்கு வழி என்ன? 1883-இல் தொடங்கி, இன்று மார்லின்டனிலிருந்து வெளிவரும் ‘போகஹான்டஸ் டைம்ஸ்’ என்ற வார இதழ் உள்ளது. 1981-இல் தொடங்கப்பட்ட அலெகனி மவுன்டன் ரேடியோ என்ற சமுதாய வானொலி, காணாமற்போன நாய் முதல் இறுதிச் சடங்கு அறிவிப்பு வரை, பனியால் பள்ளி மூடப்படுவது முதல் கவுன்டி ஆணையர் கூட்டத்தின் முடிவு வரை அனைத்தையும் சொல்கிறது. கைபேசிச் சேவை இல்லாத பள்ளத்தாக்கில் அதன் அருமை எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. கைபேசிச் சேவை ஏன் இல்லை என்பதுதான் விளக்க வேண்டிய செய்தி.

அமைதிக்கான சட்டம்

1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர், தொலைபேசித் தொடர்பில் கேட்ட இரைச்சலின் மூலத்தைத் தேடியபோது, அதன் ஒரு பகுதி பால்வெளி மண்டலத்திலிருந்து வருவதைக் கண்டறிந்தார். 1937-இல் க்ரோட் ரெபர் என்பவர் இல்லினாய் மாநிலத்தில் தம் வீட்டு வளாகத்திலேயே ஒரு கிண்ண வடிவ ஆன்டெனாவைக் கட்டி, வானத்தின் ரேடியோ வரைபடத்தைத் தயாரித்தார். இவ்வாறு பிறந்த ரேடியோ வானியலுக்கு ஒரு தேசிய ஆய்வகம் தேவை என்று 1950-களில் முடிவு செய்யப்பட்டபோது, கட்டடத்தைவிட முதன்மையாகத் தேடப்பட்டது இரைச்சலற்ற இடம். சுற்றிலும் மலைகள் அரணாக நின்று வெளி அலைகளைத் தடுக்க வேண்டும். மக்கள் நெருக்கம் குறைவாக இருக்க வேண்டும். பெரிய ஆலைகள் இருக்கக் கூடாது. அதே நேரத்தில் வாஷிங்டனிலிருந்து ஒரே நாளில் போய்ச் சேரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,700 அடி உயரத்தில், டியர் கிரீக் ஓடையின் பள்ளத்தாக்கில் இருந்த கிரீன் பேங்க் இவை அனைத்துக்கும் பொருந்தியது. அங்கிருந்த பண்ணை நிலங்களைக் கூட்டாட்சி அரசு வாங்கியது. தலைமுறைகளாக உழுத நிலத்தை விட்டுக்கொடுத்த குடும்பங்களின் இழப்பையும் இந்த வரலாற்றில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆய்வகப் பணி தொடங்குவதற்கு முன்பே, 1956-இல், மேற்கு வர்ஜீனியாவின் சட்டமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. ஆய்வகத்திலிருந்து 10 மைல் தொலைவுக்குள் அளவுக்கு மீறிய ரேடியோ இடையூறு விளைவிக்கும் மின்கருவிகளை இயக்குவதை அது தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50 டாலர் அபராதம். அதன்பின் 1958-இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா ஆகியவற்றின் பெரும்பகுதிகளோடு மேரிலாந்தின் ஒரு சிறு துண்டையும் சேர்த்து, ஏறத்தாழ 13,000 சதுர மைல் பரப்பைத் தேசிய ரேடியோ அமைதி மண்டலமாக அறிவித்தது. இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெரிய மண்டலத்தில் கைபேசியோ வானொலி நிலையமோ தடை செய்யப்படவில்லை. நிலையான ஒலிபரப்புக் கோபுரம் அமைக்க விரும்புவோர் முன்கூட்டியே ஆய்வகத்துக்குத் தெரிவித்து, அலையின் வலிமையையும் திசையையும் அதற்கேற்பச் சீர்செய்ய வேண்டும், அவ்வளவே. கடுமையான கட்டுப்பாடு ஆய்வகத்தை நெருங்க நெருங்கத்தான்.

இத்தனை கட்டுப்பாடு ஏன் என்பதற்கு, விண்ணிலிருந்து வரும் அலைகள் எவ்வளவு மெலிந்தவை என்பதை உணர வேண்டும். நிலவில் ஒரு சாதாரணக் கைபேசியை வைத்து இயக்கினால், பூமியிலுள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு அது வானின் மிகப் பிரகாசமான மூலங்களுள் ஒன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட கருவியின் அருகே நூறு கைபேசிகள் இயங்கினால், கெட்டிமேளம் முழங்கும் கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போலாகிவிடும். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும்போதும் ரேடியோ அலை எழுகிறது. ஆதலால் தொலைநோக்கிகளை அண்டிய பகுதியில் டீசல் வண்டிகள் மட்டுமே ஓடுகின்றன. டிஜிட்டல் கேமராவுக்கும் அங்கே இடமில்லை. ஆய்வகத்தின் கணினிகள் இயங்கும் அறைகளே, தம் அலைகள் வெளியே கசியாதபடி உலோகக் கவசத்தால் மூடப்பட்டவை. அலை உணரும் ஆன்டெனாக்கள் பொருத்திய வண்டியில் ஊழியர்கள் ஊர்ச் சாலைகளில் சுற்றி வந்து இடையூறுகளின் மூலத்தைத் தேடுவதும் வழக்கம். பழுதான மின்சூட்டுப் போர்வையாகவோ, கம்பி தளர்ந்து பொறி விடும் மாட்டுப் பண்ணையின் மின்வேலியாகவோ அது இருக்கும். கண்டுபிடித்தால் வழக்குப் போடுவதில்லை. கதவைத் தட்டிப் பேசி, அவர்களே பழுதைச் சரிசெய்து கொடுப்பதும் உண்டு. இந்த அணுகுமுறை இல்லாமல், வெறும் சட்டத்தை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஊராருடன் ஒத்துப்போயிருக்க முடியாது.

அந்த அமைதியில் நடந்த வேலைகள் பெரியவை. 1960-இல் ஃபிராங்க் டிரேக் இங்கிருந்த 85 அடி தொலைநோக்கியால் டவ் செட்டி, எப்சிலான் எரிடனி என்ற இரு விண்மீன்களை நோக்கி, வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞை ஏதும் வருகிறதா என்று தேடினார். நவீனக் கருவியால் நடந்த அத்தகைய முதல் தேடல் அதுவே. மறு ஆண்டு இதே ஊரில் கூடிய சிறிய கூட்டத்துக்காக அவர் எழுதிய சமன்பாடுதான் இன்று டிரேக் சமன்பாடு என்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. 1962 முதல் இயங்கிய 300 அடி தொலைநோக்கி, 1988 நவம்பர் 15 அன்று இரவு, எந்த முன்னறிவிப்பும் இன்றிச் சரிந்து விழுந்தது. எவருக்கும் காயம் இல்லை. தாங்குசட்டத்தின் இணைப்புத் தகடு ஒன்று முறிந்ததே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அந்த இழப்புக்குப் பின் மாநிலத்தின் செனட்டர் ராபர்ட் பேர்டின் முயற்சியால் கிடைத்த நிதியில் எழுந்ததுதான் அவர் பெயரையே தாங்கி 2000-இல் திறக்கப்பட்ட இன்றைய தொலைநோக்கி. உயரம் 485 அடி; கிண்ணத்தின் அளவு 100-க்கு 110 மீட்டர்; எடை ஏறத்தாழ 7,700 டன். முழுமையாக எத்திசையிலும் திருப்பக்கூடிய ரேடியோ தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது. மாடுகள் மேயும் புல்வெளிக்கும் வைக்கோல் கட்டுகளுக்கும் பின்னால் அந்த வெண்ணிறக் கட்டமைப்பு எழுந்து நிற்பதை, சாலையில் எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் காணலாம்.

அமைதிக்குள் வாழ்வோர்

ஊரார் வாழ்க்கையில் இதன் பொருள் என்ன? கைபேசியில் சேவைக் குறி வராது. வழியைக் காகித வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுத் தொலைபேசியும் கம்பிவழி இணையமும் இன்றும் அன்றாடத் தேவைகள். ஆய்வகத்தின் அருகிலேயே இருப்பதால் பள்ளி நெடுங்காலம் கம்பியில்லா இணையம் இன்றியே நடந்தது. ஆனால் ஊடகங்கள் வரையும் சித்திரம் போல அங்கே காலம் நின்றுவிடவில்லை. பல வீடுகளில் வைஃபை இருக்கிறது. ஊராரில் பலருக்கு அதுபற்றிக் குற்றவுணர்வும் இல்லை. பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்ய வேண்டும், பெரியவர்கள் வெளியூர் நிறுவனத்துக்கு வேலை செய்ய வேண்டும். அவர்களுடைய வாதத்தை எளிதில் தள்ள முடியாது.

இந்த அமைதியைத் தேடி வந்தவர்களும் உண்டு. கைபேசி, வைஃபை அலைகள் தம் உடல்நலத்தைக் கெடுப்பதாக நம்பும் சிலர் 2000-களின் பிற்பகுதியிலிருந்து வெவ்வேறு மாநிலங்களிலிருந்து இங்கே குடியேறினார்கள். அவர்களது துன்பம் உண்மையானது, ஆனால் அதற்கு இந்த அலைகள்தாம் காரணம் என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பொது இடங்களில் விளக்குகளையும் கருவிகளையும் அணைக்கச் சொல்லி அவர்கள் வேண்டியபோது ஊராருடன் சிறு உரசல்கள் எழுந்தன. அமைதி மண்டலம் மனிதர்களுக்காக அன்று, தொலைநோக்கிக்காக வகுக்கப்பட்டது என்பதைப் பழைய ஊரார் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அண்டை ஊரான காஸையும் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 1901-இல் ஒரு காகித நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் அது. வீடு, கடை, ஆலை எல்லாம் நிறுவனத்துடையவை. 1960-இல் ஆலை மூடப்பட்டபோது ஊரின் உயிரே போய்விட்டது. மலையிலிருந்து மரம் இறக்கிய ஷே வகை நீராவி எஞ்சின்களை மாநில அரசு வாங்கி, 1963 முதல் சுற்றுலா ரயிலாக ஓடவிட்டது. தொழிலாளர் குடியிருந்த வெண்ணிற வீடுகள் இப்போது பயணிகள் தங்கும் விடுதிகள். ஒற்றை முதலாளியை நம்பிய ஊரின் நிலை என்னவாகும் என்பதைக் கிரீன் பேங்க் மக்கள் சில மைல் தொலைவிலேயே பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் 2012-இல் ஆய்வகத்துக்கு நிதி அளித்துவந்த கூட்டாட்சி அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கான மறுஆய்வுக் குழு, கிரீன் பேங்க் தொலைநோக்கிக்கான நிதியை விலக்கிக்கொள்ளப் பரிந்துரைத்தபோது கவுன்டி முழுவதும் கலங்கியது. 2016-இல் ஆய்வகம் தேசிய அமைப்பிலிருந்து பிரிந்து, தனியார் ஆய்வுத் திட்டங்களிடமும் பிற நிறுவனங்களிடமும் கட்டணமும் பெற்று நடக்கும் நிலைக்கு வந்தது. ஈர்ப்பு அலைகளின் பின்னணி இரைச்சலுக்கான சான்று 2023-இல் வெளியானபோது அதற்கு ஆதாரமான, பல்சார் எனப்படும் சீராகத் துடிக்கும் விண்மீன்களின் அளவீடுகளில் பெரும்பங்கு இங்கிருந்து சென்றது. அறிவியல் மதிப்பு குறையவில்லை. நிதிக்கான உறுதிதான் குறைந்திருக்கிறது.

மக்கள்தொகையும் குறைந்துகொண்டே வருகிறது. மரத்தொழில் உச்சத்தில் இருந்த 1920-இல் கவுன்டியில் ஏறத்தாழ 15,000 பேர் இருந்தார்கள். இன்று அதில் பாதிதான். இளைஞர் வெளியேறும்போது முதலில் ஆட்டம் காண்பது மேலே சொன்ன தன்னார்வத் தீயணைப்புப் படையே. இருப்பவர்கள் மூப்படைகிறார்கள், புதியவர்கள் சேர்வது அரிது. இத்துடன் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. மலைப்பள்ளத்தாக்குகளில் அவசர ஊர்தி ஊழியர்களுக்கும் தீயணைப்பவர்களுக்கும் இடையிலான வானொலித் தொடர்பு துண்டிக்கப்படுவதாகவும், அமைதி மண்டல விதிகள் போதிய வலிமையுள்ள கோபுரங்கள் அமைக்கத் தடையாக இருப்பதாகவும் இக்கவுன்டியிலும் அருகிலுள்ள கவுன்டிகளிலும் அவசரச் சேவையினர் முறையிட்டு வருகிறார்கள். மலைகளே தடை, விதிகள் அல்ல என்பது மறுதரப்பின் வாதங்களுள் ஒன்று. இரண்டிலும் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஓர் உயிர் காக்கும் அழைப்பு போய்ச் சேராத நிலையில் முதலில் இறங்கி வரவேண்டிய பொறுப்பு ஆய்வகத்துக்கும் அரசுக்கும் உரியது, பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு அன்று.

இந்த விவாதத்தில் ஊருக்காகப் பேச கிரீன் பேங்க்குக்கு ஒரு மேயர் இல்லை. பேச விரும்பும் எவரும் தாமே காரில் ஏறி, மார்லின்டன் நீதிமன்றக் கட்டடத்தில் நடக்கும் ஆணையர் கூட்டத்துக்குப் போய், பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து நின்று பெயரைச் சொல்லித் தம் கருத்தை முன்வைக்க வேண்டும். அப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே சொன்னதை அந்த வாரத்தின் ‘போகஹான்டஸ் டைம்ஸ்’ இதழில் மற்றவர்கள் படிக்கிறார்கள்.